படகுச் சத்தத்தில் ஓங்கில் செவிடாகுமா?

கேள்வி: "எங்கள் சித்தப்பா கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் போட் வைத்துத் தொழில் செய்கிறார். இன்ஜின் சத்தத்தில் ஓங்கில்களுக்கு, அதாவது டால்பின்களுக்கு, காது போய், வழி தெரியாமல் கரை ஒதுங்கிச் சாகின்றன என்று ஒரு வீடியோவில் பார்த்ததை நான் சொல்லப்போக, வீட்டில் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. 'சத்தம் பிடிக்கலைன்னா அவ்வளவு பெரிய கடல்ல தள்ளிப் போகாதா?' என்கிறார். யார் சொல்வது சரி?"

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்கும் கேள்விதான் இது. இரண்டு பேர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஆனால் வீடியோவைவிடச் சித்தப்பா பக்கம் கொஞ்சம் கூடுதல் நியாயம் இருக்கிறது. ஒரு ஃபைபர் போட்டின் சத்தம் ஓங்கிலைச் செவிடாக்கிக் கரையில் தள்ளிவிடாது. அதற்காகப் பாதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. காது நன்றாக இருக்கும்போதே கேட்க வேண்டியது கேட்காமல் போவதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல். வீடியோ எடுப்பவர்கள் செவிட்டையும் சாவையும் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அதைப் படம் பிடிக்க முடியும் என்பதுதான். ஒரு குட்டி கூப்பிட்டது தாய்க்கு எட்டவில்லை என்பதை எப்படிப் படம் பிடிப்பது?

முதலில் கடலுக்குள் ஒலி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர், அதாவது நான்கு மடங்குக்கும் மேல். வெளிச்சத்தின் கதை நேர்மாறு. கெடிலமும் பெண்ணையாறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் நம் கரைக்கடலில் நீட்டிய கை தெரியாது. தெளிந்த ஆழ்கடலிலும் சில நூறு மீட்டருக்குக் கீழே இருட்டுதான். ஆகவே கடல் பாலூட்டிகளுக்கு வழி, இரை, துணை, குட்டி எல்லாமே காதை நம்பித்தான். கண் இரண்டாம்பட்சம்.

கடல் அமைதியாக இருக்கிற ஒரு நாளில், தூரத்தில் போட் போகும்போது தலையைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்திப் பாருங்கள். சத்தம் நன்றாகவே கேட்கும். ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல வராது; இன்ஜின் நம் தலைக்குள்ளேயே ஓடுவதாகத் தோன்றும். ஒலி ஒரு காதை அடைவதற்கும் மறு காதை அடைவதற்கும் உள்ள மிகச் சிறிய நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. தண்ணீரில் அந்த வித்தியாசம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, மண்டையோடு முழுவதுமே ஒலியை வாங்கி இரண்டு உட்காதுகளுக்கும் ஒன்றாகக் கொடுத்துவிடுகிறது. நம் காது காற்றுக்காக அமைந்தது, அவ்வளவுதான்.

ஓங்கிலுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அதன் கண்ணுக்குப் பின்னால் காதுத் துளை ஒன்று இருக்கிறது, ஊசி நுழையும் அளவுக்கு. கேட்பதற்கு அது பெரிதாக உதவுவதில்லை. ஒலி உள்ளே போகும் வாசல் கீழ்த்தாடை. தாடை எலும்பின் பின்பகுதி மெல்லியது; அதற்குள் தனி வகைக் கொழுப்பு நிரம்பியிருக்கும்; அந்தக் கொழுப்பு நேராகக் காது எலும்புவரை போகும். 1960களில் அமெரிக்க விலங்கியலாளர் கென்னத் நாரிஸ் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். பின்னால் வந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின. இன்னொரு வசதியும் உண்டு. காது எலும்புகள் மண்டையோட்டோடு இறுக ஒட்டாமல், காற்றறைகள் சூழத் தனியே நிற்கின்றன. அதனால் இடது வலது குழம்புவதில்லை. உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்பு அது. சதை எல்லாம் அழுகிப்போன திமிங்கலத்திலும் அந்த எலும்பு மட்டும் கல் மாதிரிக் கிடைக்கும்.

எல்லாக் கடல் பாலூட்டிகளும் ஒரே ஒலியைக் கேட்பதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றது விளங்கும். நமக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஹெர்ட்ஸ் குறைந்தால் உறுமல் மாதிரித் தாழ்ந்த ஒலி, கூடினால் கீச்சென்ற உயர்ந்த ஒலி. நம் கரையோரம் வரும் ஓங்கில் வகைகளின் சீழ்க்கை ஒலி பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இரையைத் தேட அவை எழுப்பும் சொடுக்கொலி 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். ஓங்கிலின் சிறிய உறவான, துடுப்பில்லாத முதுகுள்ள கடல்பன்றியின் சொடுக்குகள் 120, 130 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கும். பாக் நீரிணையின் ஆவுளியா (கடற்பசு) குருவி கத்துவதுபோல் சில கிலோஹெர்ட்ஸில் கீச்சிடும். நீலத்திமிங்கலம் இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம். அதன் அழைப்புகள் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பல பகுதிகள் நம் காதுக்கே எட்டாது. இலங்கையைச் சுற்றியும் வங்காள விரிகுடாவிலும் திரியும் நீலத்திமிங்கலங்களுக்கு, உலகின் மற்ற நீலத்திமிங்கலங்களிடம் இல்லாத தனிப் பாட்டு ஒன்று உண்டு. துடுப்புத் திமிங்கலம் 20 ஹெர்ட்ஸில் கூப்பிடும். அந்த ஒலியின் ஒரே ஓர் அலை மட்டும் தண்ணீரில் 75 மீட்டர் நீளம்.

ஆச்சரியமான விஷயம், பல் இல்லாத பெருந்திமிங்கலங்களுக்கு என்னவெல்லாம் கேட்கும் என்று மிக அண்மைக்காலம் வரை யாரும் நேரடியாக அளந்ததில்லை. அவை எழுப்பும் ஒலியையும் காது எலும்பின் அமைப்பையும் வைத்து ஊகித்துவந்தார்கள். 2023 கோடையில் நார்வே கடலோரத்தில் இரண்டு இளம் மின்கே திமிங்கலங்களைச் சிறிது நேரம் தடுத்துவைத்து, தோல்மேல் மின்முனைகளை ஒட்டி, ஒலி கேட்கும்போது மூளையில் எழும் துடிப்பை அளந்துவிட்டு வெளியே விட்டார்கள். 45 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் அவற்றுக்குக் கேட்கிறது என்று தெரியவந்தது. தாழ்ந்த ஒலி மட்டுமே அவற்றுக்கு முக்கியம் என்று வைத்துக்கொண்டு எழுதிய விதிகளை எல்லாம் இனித் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, சத்தத்துக்கு வருவோம். கடல் எப்போதுமே அமைதியான இடம் இல்லை. வெப்பமண்டலக் கரைக்கடலில் ஹைட்ரோஃபோனை, அதாவது நீருக்குள் இறக்கும் மைக்கை, இறக்கினால் முதலில் காதில் விழுவது இடைவிடாத படபடப்பு. விரல் அளவுகூட இல்லாத ஓர் இறால் வகை தன் பெரிய கொடுக்கைச் சட்டென்று மூடும்போது நீரில் ஒரு குமிழி உண்டாகி வெடிக்கும். அந்தச் சத்தம்தான் அது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து ராத்திரியெல்லாம் வெடித்துக்கொண்டிருக்கும். இதோடு அலை, காற்று, மழை, கத்தாழை மீனின் கொரகொரப்பு எல்லாம் உண்டு. இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் ஓங்கில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை, மனிதச் சத்தம் புதிய இடங்களில், புதிய அலைவரிசைகளில், நிற்காமல் வந்து உட்கார்ந்துகொண்டதுதான்.

படகில் சத்தம் எங்கிருந்து வருகிறது? இன்ஜினிலிருந்து என்பீர்கள். அது மேலே இருக்கிற நமக்கு. தண்ணீருக்குள் வேகமாகப் போகும் படகில் பெரும்பங்கு சத்தம் ப்ரொப்பெல்லரிலிருந்து. அதன் இலை வேகமாகச் சுற்றும்போது ஒரு பக்கம் அழுத்தம் சட்டென்று குறைந்து, தண்ணீர் சூடாகாமலே ஆவிக்குமிழிகள் உண்டாகும். அடுத்த கணமே அழுத்தம் திரும்பி வர, குமிழிகள் நொறுங்கும். ஒவ்வொரு நொறுங்கலும் ஒரு வெடி. தடைக்காலத்தில் முதுநகரில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி பெயின்ட் அடிக்கிறார்களே, அப்போது போய்ப் பழைய ப்ரொப்பெல்லரின் இலை ஓரத்தைத் தடவிப் பாருங்கள். அம்மைத் தழும்பு மாதிரிச் சிறு சிறு குழிகள் தட்டுப்படும். உப்பு அரித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். உப்புக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் உலோகத்தையே தோண்டும் வேலையில் அந்தக் குமிழிகளின் பங்கு பெரிது.

பெரிய சரக்குக் கப்பலின் சத்தம் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். தாழ்ந்த ஒலியைக் கடல்நீர் அவ்வளவாக உறிஞ்சாது. ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆகவே அது பெருந்திமிங்கலங்களின் பேச்சின்மேல் நேராக விழுகிறது. சிறிய அவுட்போர்டு இன்ஜினின் சின்ன ப்ரொப்பெல்லர் வேகமாகச் சுற்றுவதால் அதன் சத்தம் பல கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும். இது ஓங்கிலின் சீழ்க்கையோடு மோதும். ஆனால் உயர்ந்த ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். படகு கடந்துபோனால் தீர்ந்தது. கரையை ஒட்டிப் பத்து மீட்டர் ஆழத்தில் மிகத் தாழ்ந்த ஒலி தூரம் போகவும் முடியாது, அலைநீளத்துக்கு இடம் பற்றாது. அதனால் சென்னைக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கப்பல்களின் உறுமல் தேவனாம்பட்டினம் கரையில் பெரிதாகத் தெரியாது. புதுச்சேரிக்கு எதிரே, கடலடிப் பள்ளத்தாக்குகள் இறங்கும் ஆழத்துக்குப் போனால் கதை வேறு.

இப்போது முக்கியமான இடம். ஒரு சத்தம் இன்னொன்றை அமுக்குவதற்கு, காதைக் கிழிக்கும் அளவுக்கு இருக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய அதே அலைவரிசையில், கேட்க வேண்டிய ஒலியைவிடக் கொஞ்சம் ஓங்கியிருந்தால் போதும். கணக்கு இப்படி. ஒலி எல்லாத் திசையிலும் பரவும்போது, தூரம் இரண்டு மடங்கானால் அது 6 டெசிபல் குறையும் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). பின்னணி இரைச்சல் 6 டெசிபல் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 2 கிலோமீட்டருக்குக் கேட்ட அழைப்பு இப்போது 1 கிலோமீட்டருக்குத்தான் கேட்கும். தூரம் பாதி, ஆனால் அழைப்பு எட்டும் பரப்பு கால் பங்காகிவிடுகிறது. இரைச்சல் 10 டெசிபல் ஏறினால் பரப்பு பத்தில் ஒன்று. ஆழ்கடலில் ஒலி வேறு விதமாக, மேலும் கீழும் அடங்கித் தட்டையாகப் பரவும் தூரங்களில் இழப்பு இன்னும் மோசம். விலங்குக்கு எதுவும் வலிக்காது. சுற்றிலும் இருந்த உறவுகளில் பெரும்பாலோர் திடீரென்று இல்லாமல் போவார்கள், அவ்வளவுதான்.

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. கலிபோர்னியா கடலோரத்தில் 1960களின் நடுவில் கடற்படை பதிவு செய்த ஒலியை 2003-04இல் அதே இடத்தில் எடுத்த பதிவோடு ஒப்பிட்டபோது, தாழ்ந்த அலைவரிசையில் இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் ஏறியிருந்தது. காரணம் கப்பல் போக்குவரத்து. அமெரிக்காவின் பாஸ்டனுக்கு எதிரே ஸ்டெல்வேகன் திட்டு என்ற பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியில், பல் இல்லாத பெருந்திமிங்கலங்களில் ஒரு வகையான ரைட் திமிங்கலங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கப்பல் சத்தத்தால் இழந்திருக்கின்றன என்று 2012இல் கணக்கிட்டார்கள். அந்த இனத்தில் இன்று சில நூறுதான் மிச்சம்.

சரி, சத்தம் கூடினால் அதுவும் சத்தமாகப் பேசட்டுமே என்று கேட்கலாம். பேசத்தான் செய்கிறது. கடலூர் பேருந்து நிலையத்தில் ஃபோன் பேசும்போது நம்மை அறியாமல் குரல் உயர்கிறதே, அதை 1911இல் எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஓர்க்கா திமிங்கலங்கள், பின்னணி இரைச்சல் 1 டெசிபல் ஏறினால் தாமும் 1 டெசிபல் ஏற்றிக் கூப்பிடுகின்றன. ரைட் திமிங்கலங்கள் குரலின் சுருதியையே உயர்த்தியிருக்கின்றன. 1950களில் பதிவான அழைப்புகளைவிட 2000இல் பதிவானவை தெளிவாக உயர்ந்திருந்தன. ஓங்கில்கள் தங்கள் சீழ்க்கையின் வளைவு நெளிவுகளைக் குறைத்து, எளிதாக்கிக் கூப்பிடுவதும் பதிவாகியிருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். ஏனென்றால் பாட்டில்மூக்கு ஓங்கில் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. குட்டியாக இருக்கும்போதே அமைத்துக்கொள்ளும். தாயும் குட்டியும் பிரிந்தால் ஒன்றையொன்று தேடுவது அதை வைத்துத்தான். தன் சீழ்க்கையை ஒலிபெருக்கியில் போட்டால் பதில் கொடுக்கிறது, மற்றவற்றுக்குப் பெரிதாகக் கொடுப்பதில்லை என்பதை 2013இல் சோதித்துக் காட்டினார்கள். ஆளுக்கு ஆள் அந்த அடையாளம் வேறுபடுவதே வளைவு நெளிவில்தான்.

கத்திப் பேசினால் வேலை நடந்துவிடுமா? 2023இல் வெளிவந்த ஒரு சோதனை இதற்கு நல்ல விடை. புளோரிடாவில் பழக்கப்பட்ட இரண்டு ஓங்கில்கள். இரண்டும் தனித்தனி இடத்தில் நீருக்கடியில் உள்ள பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒரு விநாடிக்கு மேல் முன்பின் ஆகக் கூடாது. ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துத்தான் இதைச் செய்கின்றன. அமைதியாக இருந்தபோது 85 விழுக்காடு வெற்றி. பெரிய இரைச்சலைப் போட்டதும் சீழ்க்கையை ஓங்கி, ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நீட்டி ஊதிப் பார்த்தன. ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொண்டன. அத்தனை செய்தும் வெற்றி 62.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. பழகிய ஆள், பழகிய வேலை, அருகருகே இருக்கும் இடம், அதிலேயே இப்படி.

பெருந்திமிங்கலங்களுக்கு இந்த வழியும் குறைவு. அவற்றின் குரல்வளை எப்படி வேலை செய்கிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். அந்த அமைப்பால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேலேயும், சுமார் 100 மீட்டர் ஆழத்துக்குக் கீழேயும் குரல் எழுப்புவது கடினம். கப்பல் சத்தம் மண்டிக்கிடப்பது சரியாக அந்த எல்லைக்குள்தான். சுருதியைக் கொஞ்சம் ஏற்றலாமே தவிர அந்த எல்லையைத் தாண்டித் தப்பவும் முடியாது, ஆழத்துக்குப் போய்ப் பேசவும் முடியாது.

பேச்சு மட்டுமல்ல, உடம்பும் பாதிக்கப்படுகிறது என்பதற்குக் கிடைத்த சான்று கொஞ்சம் விசித்திரமானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து சில நாள் வெகுவாகக் குறைந்தது. அப்போது அங்கே ஒரு குழு வேறு வேலைக்காகத் திமிங்கல ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. இன்னொரு குழு, அதுவும் வேறு காரணத்துக்காக, ரைட் திமிங்கலங்களின் சாணத்தை அள்ளிச் சேகரித்துவந்தது. அதில் உடலின் பதற்றத்தைக் காட்டும் ஹார்மோன்களின் எச்சம் இருக்கும். பல ஆண்டுகள் கழித்து இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் 6 டெசிபல் குறைந்திருந்த அந்த நாள்களில் பதற்ற ஹார்மோனும் இறங்கியிருந்தது. மற்ற ஆண்டுகளின் அதே பருவத்தில் அப்படி இறங்கவில்லை. 2012இல் ரோசலின்ட் ரோலண்டும் அவர் குழுவினரும் இதை வெளியிட்டார்கள். இப்படி ஒரு சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

இனி செவிட்டுக்கு வருவோம். அதற்கு முன் டெசிபலைப் பற்றி ஒரு வார்த்தை. "திமிங்கலம் 190 டெசிபலில் கத்துகிறது, ஜெட் விமானத்தைவிடச் சத்தம்" என்று செய்திகளில் வரும். நீரில் டெசிபலை அளக்கும் அடிப்படை வேறு, காற்றில் வேறு. நீரின் அடர்த்தியும் வேறு. தோராயமாக ஒப்பிட வேண்டுமானால் நீர்க்கணக்கிலிருந்து 62ஐக் கழிக்க வேண்டும். 190 என்பது 128 ஆகிவிடும். அதுவும் பெரிய சத்தம்தான். ஆனால் கழிக்காமல் எழுதுவது பயமுறுத்துவதில்தான் முடிகிறது.

மிகப் பெரிய சத்தத்தால் ஓங்கிலுக்குக் காது மந்தமாவது உண்மை. கொஞ்ச நேரம் மந்தமாகித் திரும்பிவிடுவது ஒரு வகை. திரும்பாமலே போவது இன்னொன்று. முதல் வகையைப் பழக்கப்பட்ட ஓங்கில்களிடம் 1990களின் கடைசியிலிருந்து சோதனைக்கூடங்களில் அளந்துவந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கரை ஒதுங்கிய பாட்டில்மூக்கு ஓங்கில்களின் காதைச் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கடுமையான செவிட்டுத்தன்மை இருந்தது. வீடியோக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த ஆய்வாளர்களே முதுமை, பிறவிக் குறை, சில மருந்துகள் என்று வேறு காரணங்களையும் அடுக்கியிருக்கிறார்கள். நமக்கும் வயதானால் காது போகிறது அல்லவா?

சத்தத்தால் சாவு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது போர்க்கப்பல்களின் நடுத்தர அலைவரிசை சோனார், அதாவது ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் நீருக்குள் இருப்பதைத் தேடும் கருவி. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் ஒன்றரை நாளுக்குள் 17 விலங்குகள் கரை ஏறின. பெரும்பாலும் அலகுத் திமிங்கலங்கள். தன் சோனார்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படையே பின்னர் ஒப்புக்கொண்டது. 2002இல் கேனரி தீவுகளில் 14 ஒதுங்கின. அவற்றின் திசுக்களில், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த முக்குளிப்பவர்களுக்கு உண்டாவது போன்ற வாயுக்குமிழிகள் கிடைத்தன. அதாவது செவிடானதால் வழி தவறிச் சாகவில்லை. மிரண்டு, வழக்கமில்லாத விதத்தில் முக்குளித்ததால் உடம்புக்குள்ளேயே சேதம் நடந்திருக்கிறது. 2004இல் ஸ்பெயின் அங்கே சோனாரைத் தடை செய்தது. அதன்பிறகு வந்த ஆண்டுகளில் அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு நம் கரையில் ஒதுங்கும் ஒவ்வொன்றுக்கும் சத்தம்தான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, திருச்செந்தூர் கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஏறியதே, அப்போது ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அதே கரையில் 1973இலும் நூற்றுக்கும் மேல் ஒதுங்கியிருக்கின்றன. இன்றைய கப்பல் கூட்டமோ எண்ணெய் தேடும் கூட்டமோ அப்போது இல்லை. பைலட் திமிங்கலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. முன்னால் போவது வழி தவறினால் மற்றவையும் பின்னாலேயே போகும். மீனவர்கள் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்து விட்டும் பல திரும்பி வந்தன.

"தள்ளிப் போகாதா?" என்று சித்தப்பா கேட்டது நல்ல கேள்வி. போகும். ஐரோப்பாவின் வட கடலில் காற்றாலைக்காக இரும்புத் தூண்களை அடித்து இறக்கும்போது, கடல்பன்றிகள் 20 கிலோமீட்டர் தூரம்வரை விலகிப்போவது அளக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனி இப்போது தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை போட்டுச் சத்தத்தைக் குறைத்த பிறகே அடிக்க விடுகிறது. மன்னார் வளைகுடாப் பக்கம் கடற்காற்றாலைத் திட்டம் பேசப்படும் இந்தக் காலத்தில், ஆவுளியாவை மனத்தில் வைத்து நாமும் அதைக் கேட்க வேண்டும். ஆனால் தள்ளிப் போவதற்கும் ஒரு விலை உண்டு. கரையோர ஓங்கில் எங்கே மீன் இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். சித்தப்பாவும் அங்கேதான் இருப்பார். விலகிப் போனால் பசி. திரும்பி வந்தால் சத்தம். இரண்டுக்கும் நடுவில் இரை தேடும் நேரம் குறைகிறது. கங்கை ஆற்று ஓங்கிலுக்கு அந்த வழிகூட இல்லை. ஏறக்குறைய பார்வையே இல்லாத விலங்கு. கோடையில் தண்ணீர் வற்றியபின் மிச்சமிருக்கும் ஆழமான மடுக்களில்தான் அது தங்கும். பெரிய படகுகளுக்கான தடமும் அதே ஆழத்தில்தான். அங்கே சத்தம் கூடும்போது அது செலவிடும் உடல் சக்தி வெகுவாக ஏறுகிறது என்று 2019இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

தடைக்காலத்தில் ஓங்கில் கரைக்கு அருகே அதிகம் தென்படுகிறது என்று கடலூரிலும் வீராம்பட்டினத்திலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்பதால் கடல் அமைதியாகிறது என்பது காரணமாக இருக்கலாம். இழுவை வலை இல்லாததால் கரையோரம் மீன் தங்குவதும் காரணமாக இருக்கலாம். கோடை விடுமுறையில் கரையில் நிற்கும் கண்கள் கூடுவதும்கூட. தடை தொடங்குவதற்கு முந்தைய வாரமும், தடைக்காலத்திலும், முடிந்த பிறகும் ஒரே இடத்தில் ஹைட்ரோஃபோன் போட்டு, கூடவே ஓங்கிலையும் எண்ணினால் ஓரளவு பிரித்துச் சொல்லலாம். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நம் கரைக்கடல்களில் பின்னணி இரைச்சலை அளக்கும் கருவிகளைப் பல இடங்களில் வைத்திருக்கிறது. கருவியும் இருக்கிறது, ஆண்டுதோறும் தவறாமல் வரும் தடைக்காலமும் இருக்கிறது. பரங்கிப்பேட்டை மாணவர்கள் யாராவது இதை எடுத்துச் செய்தால் நன்றாக இருக்கும்.

வீட்டு வாக்குவாதத்துக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் ஓங்கிலைக் கொல்வதில் முதல் இடம் வலைக்குத்தான், சத்தத்துக்கு அல்ல. செவுள் வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்துவிடும். வேடிக்கை என்னவென்றால் இதற்கு ஒரு மருந்து சத்தம்தான். வலையில் 'பிங்கர்' என்ற சிறு கருவியைக் கட்டினால் அது சுமார் 10 கிலோஹெர்ட்ஸில் விட்டுவிட்டு ஒலிக்கும், கடல்பன்றிகள் விலகும். 1990களில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சோதித்தபோது சிக்குவது பெருமளவு குறைந்தது. அதையே எல்லா வலையிலும் கட்டினால் அதுவும் ஓர் இரைச்சலாகிவிடும் என்று எதிர்ப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் செத்துப்போவதைவிட அது பரவாயில்லை.

பெரிய கப்பல்களின் விஷயம் சித்தப்பா கையில் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014இல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டு 2023இல் திருத்தியது. கட்டாயம் எதுவும் இல்லை. வான்கூவர் அருகே 2017இல் ஓர்க்காக்களுக்காகக் கப்பல்களை 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்) வேகத்துக்கு இறங்கிப் போகச் சொன்னார்கள், பெரும்பாலானவை தாங்களாகவே இறங்கின, சத்தமும் குறைந்தது. ஃபைபர் போட்டிலும் அதே கணக்குதான். ஓங்கில் கூட்டம் கண்ணில் பட்டால் குறுக்கே போகாமல், வேகத்தைக் குறைத்து ஒரே சீராக ஓரமாகப் போவது. சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு விரட்டாமல் இருப்பது. ஓரம் குழிவிழுந்து வளைந்த ப்ரொப்பெல்லரை மாற்றிவிடுவது. கடைசியாகச் சொன்னதில் எரிபொருளும் மிச்சம்.

படகில் எக்கோ சவுண்டர், அதாவது ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி, இருந்தால் அது எத்தனை கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல கருவிகளில் 50, 200 என்று இரண்டு இருக்கும். 50 கிலோஹெர்ட்ஸ் ஓங்கிலுக்கு மிக நன்றாகக் கேட்கும். 200 அதன் காதுக்கு மேலே. கொஞ்சம் கீழே கசியும் என்றாலும் எவ்வளவோ தேவலை. 50இன் உபயோகம் நூறு, இருநூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தில்தான். கரைக்கடலில் அடியும் மீனும் 200இல் இன்னும் தெளிவாகத் தெரியும். மெனுவில் போய் மாற்ற ஒரு நிமிடம் ஆகும்.